‘யாரு வரப்போறா’ ஆசாமி

மனிதர்களில் ‘யாரு வரப்போறா’ ஆசாமி என்று ஒரு வகை உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரியாது என்று நீங்கள் அடித்துச் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்வதாக இல்லை. சொந்த ஊரில் இவரைப் போல ஒழுங்கானவரைப் பார்க்கவே முடியாது. சிவப்பு விளக்கு எரிந்தால், குறுக்கே ஒரு பூனைகூட வராவிட்டாலும் நிற்பார். தண்ணீர் வரியை முதல் ஆளாகப் போய்க் கட்டுவார். வரிசையில் யாராவது நடுவில் நுழைந்தால் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி தொண்டையைச் செருமுவார். ஆனால் ‘நன்றி, மீண்டும் வருக’ என்று எல்லையில் நட்டிருக்கும் பலகையை அவர் வண்டி தாண்டட்டும். அவ்வளவுதான். காற்றுக்காகச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றுகிறவர், சட்டத்தையும் கூடவே கழற்றிப் பின் சீட்டில் போட்டுவிடுவார். இங்கே நம்மை யாருக்குத் தெரியும்? யாரு பார்க்கப்போறா? யாரு வரப்போறா?

இந்த வகையில் நன்றாக விளைந்த ஒருவரைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நம்மவருக்கு ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. ஒற்று விழுந்திருக்கிறதா, துணைக்கால் தொலைந்திருக்கிறதா, ளகரம் இருக்க வேண்டிய இடத்தில் லகரம் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று, மேசை விளக்கை மூக்குக்கு நேரே இழுத்து வைத்துக்கொண்டு நாளெல்லாம் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டிருப்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. மருந்து டப்பாவின் முதுகு, சோப்பு உறை, பஸ் டிக்கெட்டின் அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஓடும் பொடி எழுத்து, ஒன்றையும் படிக்காமல் விடமாட்டார். மனைவி மளிகைக்கு எழுதிக்கொடுக்கும் துண்டுக் காகிதத்தையும் திருத்தாமல் வாசலைத் தாண்டமாட்டார்.

“சர்க்கரைக்கு ஒரு ஒற்று குறையுதே.”

“கடைக்காரர் சர்க்கரையைத்தான் நிறுத்துத் தருவார், ஒற்றைத் தனியா நிறுத்துத் தரமாட்டார். கிளம்புங்க.”

மனைவி இப்படி என்றால், மாமியார் அதற்கு நேர் எதிர். பக்கத்து மாநிலத்தில் மகனோடு இருக்கும் அந்த அம்மாளுக்கு மாப்பிள்ளை என்றால் சொக்கத் தங்கம். பெற்ற மகன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால்கூட, “எங்க மாப்பிள்ளையா இருந்தா தம்ளரைத் துடைச்சுட்டுக் குடுத்திருப்பார்” என்பார். அந்தப் பெயர்தான் நம்மவருக்கு உயிர். சம்பளம் குறைந்தாலும் தாங்கிக்கொள்வார். மாமியார் வாயில் அந்தத் தங்கம் பித்தளையாகிவிட்டால் தாங்கமாட்டார். “அம்மாவுக்கு அப்பவே கண்ணுல புரை விழ ஆரம்பிச்சிருக்கு, நமக்குத்தான் தெரியலை” என்று மனைவி முணுமுணுப்பாள். அது பொறாமை என்று நம்மவர் விட்டுவிடுவார்.

புரை நிஜமாகவே முற்றியது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். மாமியாரை முதல் நாளே சேர்த்தாகிவிட்டது. மறுநாள் காலையில் புருஷனும் மனைவியுமாகத் தங்கள் காரில் எல்லையைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தார்கள்.

கண் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. சுற்றினார்கள். இன்னொரு சுற்று. அப்புறம் பாருங்கள், கட்டடத்துக்குப் பின்னால், ஈ காக்கை இல்லாமல், நிழலாக, லேசாகச் சரிந்து, இவர் வண்டிக்கென்றே யாரோ செய்துவைத்த மாதிரி ஓர் இடம். பக்கத்தில் ஒரு பலகை. அந்த ஊர் எழுத்து.

“என்னமோ எழுதியிருக்கே?” என்றாள் மனைவி.

“எழுதத் தெரிஞ்சவங்க எழுதியிருக்காங்க. நீ இறங்கு.”

“நிறுத்தக் கூடாதுன்னு இருந்தா?”

“நிறுத்தலாம்னு இருந்தா?”

சோப்பு உறையை விடாத மனிதர், ஆள் உயரப் பலகையை விட்டுவிட்டார். எழுத்துத் தெரியாதவர்கள் படிக்க முடியவில்லையே என்று ஏங்குவார்கள். இவர் படிக்க முடியாததை ஒரு சௌகரியமாக எடுத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு கண்ணில் கட்டோடு மாமியார் கட்டிலில் சாய்ந்திருந்தார். வலி இல்லை, ஆனால் வாயில் கோபம் கொதித்தது.

“என்னத்தைச் சொல்ல, மாப்பிள்ளை. மூட்டு வலின்னு சக்கர நாற்காலியில உக்காத்தி, கண்ணுல சொட்டு மருந்தை விட்டு, ஆபரேஷன் கட்டடத்துக்குத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. நாற்காலி ஏறுறதுக்குன்னு பின்னால ஒரு பாதை போட்டிருக்காங்க. அதை அடைச்சு எந்த மகராசனோ காரை நிறுத்திட்டுப் போயிட்டான். மருந்து விட்ட கண்ணு, வெளிச்சம் பட்டா ஊசி குத்துது. அந்த வெயில்ல ஆஸ்பத்திரியையே சுத்தித் தள்ளிக்கிட்டுப் போனாங்க.”

நம்மவருக்கு ரத்தம் கொதித்தது. நடிப்பு என்று நினைக்காதீர்கள், உண்மையாகவே கொதித்தது. அநியாயத்தைக் கண்டால் பொறுக்காதவர்.

“அவனையெல்லாம் சும்மா விடக் கூடாது, அத்தை! பத்து மடங்கு அபராதம் போடணும். போட்டு, அன்னைக்கே வசூல் பண்ணணும். மனுஷனா அவன்?”

“இதைத்தான் நானும் சொன்னேன்” என்று மாமியார் கட்டுக்கு அடியிலேயே உருகினார். “நியாயம் பேச எங்க மாப்பிள்ளையை விட்டா யாரு?”

மனைவி ஜன்னலையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கீழே வந்தால், வைப்பருக்கு அடியில் ஒரு சீட்டு படபடத்துக்கொண்டிருந்தது. எழுத்தெல்லாம் அந்த ஊர் எழுத்து. எண்கள் மட்டும் எல்லாருக்கும் பொதுவான எண்கள். கார் நம்பர் புரிந்தது. அபராதத் தொகை மிக நன்றாகப் புரிந்தது.

“கட்டிட்டுப் போயிடலாங்க.”

“எதுக்குன்னே தெரியாம கட்டுவாங்களா? படிச்சாத்தானே எதுக்குன்னு தெரியும்?”

“அப்ப யாரையாவது படிக்கச் சொல்லுங்க.”

“படிச்சுட்டா தெரிஞ்சதா ஆயிடும். தெரியாத வரைக்கும் நாம தப்புப் பண்ணலை.”

இந்தத் தத்துவத்தைக் கேட்டீர்களா? சீட்டை நாலாக மடித்துக் காரின் டாஷ்போர்டுக்குள் தள்ளி, மூடியை ஒரு தட்டுத் தட்டினார். விவகாரம் முடிந்தது.

முடிந்தது என்றால் அதைப் பற்றி வாய் மூடி இருக்க வேண்டுமல்லவா? இந்த வகை ஆசாமிகளின் லட்சணமே வேறு. கட்டுவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் ஊரெல்லாம் யோசனை கேட்பார்கள். யாராவது ‘நீங்கள் செய்தது சரி’ என்று சொல்கிற வரைக்கும் கேட்பார்கள். மறுநாள் அச்சகத்தில், மெஷின் ஓட்டுகிறவரிடமும் பைண்டரிடமும் வழக்கு போனது.

“கட்டிடுங்க சார்” என்றார் மெஷின் ஓட்டுகிறவர், கையில் ஒட்டிய மையைத் துடைத்துக்கொண்டே. “ஒரு நாள் டீக்குப் பதிலா தண்ணி குடிச்சா சரியாப் போச்சு.”

“பணமா பெரிசு? கொள்கை! அந்தச் சீட்டுல ஏழுக்குக் கழுத்து சரியில்லை. பார்த்தா ஒண்ணு மாதிரி இருக்கு. நம்பர்ல பிழை இருக்கிற சீட்டு எப்படிச் செல்லும்?”

“அது ஒண்ணுன்னா, அந்த ஒண்ணு நம்பர்க்காரன் வீட்டுக்குப் போகட்டும்” என்றார் பைண்டர். பசை வாளியிலிருந்து தலையைத் தூக்காமலே, “அவங்க மாநிலம் வேற, நம்ம மாநிலம் வேற. யாரு வரப்போறா?” என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆகா! நம்மவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெரிய கோர்ட்டில் தீர்ப்பு வாங்கியவர் மாதிரி தன் மேசைக்குப் போய் உட்கார்ந்து, அன்றைக்கு ஒரு விளம்பர நோட்டீஸில் இருந்த ‘தள்ளுபடி’யைப் படிக்காமலே தள்ளிவிட்டார். அது ‘தல்லுபடி’யாகவே அச்சாகி ஊரெல்லாம் ஒட்டப்பட்டது தனிக்கதை.

யாரும் வரப்போவதில்லை என்று நம்புகிறவர் நிம்மதியாக இருப்பார் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. தபால்காரர் தெருவில் திரும்பினால் இவர் கொல்லைப்புறம் போய்விடுவார். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் மனைவியிடம் நீட்டுவார். மனைவி எடுத்து, “மெத்தை விக்கிறாங்களாம், வேணுமான்னு கேக்கிறாங்க” என்பாள்.

அடுத்த வாரம் சங்கடம் முற்றியது. டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு அனுப்பியதும், மாமியாரை இங்கே அழைத்து வந்து வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதே கார். அதே எல்லை. பஸ்ஸில் போகலாம் என்று நம்மவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

“கண்ணு ஆபரேஷன் பண்ணின அம்மாவை பஸ்ல தூக்கிப் போட்டுக்கிட்டு வரணுமா? பஸ்னா நான் வரலை. நீங்களே போய், ‘அத்தை, ஏறுங்க’ன்னு சொல்லுங்க.”

தங்கம் அப்படிச் சொல்லுமா? காரை எடுத்தார். மனைவி முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

எல்லைப் பலகையைத் தாண்டியதும், போன தடவை பொத்தானைக் கழற்றியவர், இந்தத் தடவை கழுத்துவரை மாட்டிக்கொண்டார். காக்கி நிறத்தில் எதைக் கண்டாலும் வண்டி தானாக மெதுவாகும். பெட்ரோல் போடுகிற பையனுக்கு ஒரு வணக்கம். வங்கி வாசலில் தூங்கிய காவல்காரருக்கு ஒரு வணக்கம். எதிரே வந்த பஸ் கண்டக்டருக்கும் ஒரு வணக்கம் வைக்க, அவர் இது யாரென்று தெரியாமல் குழம்பிப்போய்த் திருப்பி வைத்தார். ஆஸ்பத்திரிக்கு நாலு தெரு தள்ளி, கட்டணம் கட்டி நிறுத்தும் இடத்தில் காரை விட்டு, சீட்டு வாங்கி, அதைக் கண்ணாடியில் நாலு பேர் பார்க்கிற மாதிரி வைத்தார். பிறகு மாமியாரை ஆட்டோவில் ஏற்றி அந்த நாலு தெருவும் கூட்டிவந்தார்.

“ஏன் மாப்பிள்ளை, இவ்வளவு தள்ளி நிறுத்தியிருக்கீங்க?”

“ஆஸ்பத்திரிப் பக்கம் நோயாளிங்க வண்டிக்கு இடம் வேணுமில்லையா, அத்தை.”

மாமியாருக்குக் கண் கலங்கியது. டாக்டர் கண்ணைக் கசக்கக் கூடாது என்றதால் அப்படியே விட்டுவிட்டார்.

மாமியாரைப் பின் சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, வண்டியைக் கிளப்பினார்கள். அந்த அம்மாளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கடைப் பலகை ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். பேரனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற சாக்கில் அந்த ஊர் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர் அவர். நம்மவருக்கு அது இப்போதுதான் தெரிந்தது. மனைவிக்கு எப்போதோ தெரியும்.

“பெரிய எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுது, மாப்பிள்ளை! டாக்டரும் பெரிய எழுத்தையே காட்டினார். சின்ன எழுத்துத் தெரியுதான்னு பார்க்கணும். ஏதாச்சும் காகிதம் இருக்கா?”

“காகிதமா? காரில ஏது காகிதம்?” என்றார் நம்மவர் அவசரமாக.

மனைவி டாஷ்போர்டைத் திறந்தாள். நாலாக மடித்திருந்ததைப் பொறுமையாகப் பிரித்தாள். பின்னால் நீட்டினாள்.

“இதைப் படிம்மா. பொடி எழுத்து. உனக்குச் சரியா இருக்கும்.”

வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. மாமியார் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுவந்தார்.

“கண்… ஆஸ்பத்திரி… பின்… வாசல். சக்கர… நாற்காலிப்… பாதையை… அடைத்து…” நிறுத்தினார். தேதியைப் பார்த்தார். கார் நம்பரைப் படித்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும். கழுத்து சரியில்லாத அந்த ‘7’ஐயும் ஏழென்றே படித்தார்.

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் நம்மவர் பார்த்தார். புரை நீங்கிய ஒரு கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“மாப்பிள்ளை.”

“அத்தை.”

“பத்து மடங்குன்னு சொன்னது நீங்கதானே?”

பிழை திருத்துகிறவருக்குத் தன் வாக்கியத்தில் திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை.

“வெயில்ல சுத்தினது நான்தானே? அதனால ஒன்பது மடங்கை நான் மன்னிச்சுட்டேன். மிச்சம் ஒரு மடங்கை இப்பவே போய்க் கட்டுங்க. வண்டியைத் திருப்புங்க.”

திருப்பினார். யாரு வரப்போறா என்று கேட்டாரே, கடைசிவரை யாரும் வரவில்லைதான். இவரே போனார். கட்டுகிற இடத்தில் ஜன்னலுக்குள் இருந்த பெண், பக்கத்து மாநிலத்திலிருந்து ஒருவர் தானாக வந்து நிற்கிறாரே என்று, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். நம்மவருக்கு லேசாக நெஞ்சு நிமிர்ந்தது. இந்த வகையை இத்தனை சுலபமாகத் திருத்திவிட முடியுமா என்ன? மறுநாள் அச்சகத்தில் ரசீதைத் தூக்கிக் காட்டி, “யாரும் கேக்கலை. நானாத்தான் தேடிப்போய்க் கட்டினேன். சட்டம்னா சட்டம்!” என்று பைண்டருக்கு உபதேசம் நடந்தது.

வீட்டில் மட்டும் ஒரு மாறுதல். மகன் போன் செய்தால் மாமியார் இப்போதெல்லாம், “நீ எவ்வளவோ தேவலைடா” என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் நம்மவர் சுவரில் தொங்கும் காலண்டரில் பிழை தேடிக்கொண்டிருப்பார்.

சரி, நீங்கள் ஏன் இவ்வளவு சிரிக்கிறீர்கள்? கார் இல்லை என்கிறீர்களா? இருக்கட்டும். போன தடவை வெளியூர் போனபோது, பஸ் ஜன்னல் வழியாக ஒரு பழத்தோலை வீசினீர்களே, அப்போது மனசுக்குள் என்ன சொன்னீர்கள்? தங்கின விடுதியில் துண்டு ஒன்று உங்கள் பைக்குள் தானாக நடந்துவந்து படுத்துக்கொண்டதே, அதற்கு யாரைக் கேட்டீர்கள்? எனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா கேட்கிறேன். ‘நல்ல வேளை, இது நம்மைப் பற்றி இல்லை, அப்படியே இருந்தாலும் யாருக்குத் தெரியப்போகுது’ என்று இந்த நிமிஷம் உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா?

ஆங். அதைத்தான் சொன்னேன்.