மூன்று கொத்து ஊதாப் பூ

மொட்டு கீழே விழுந்தபோது பல் டாக்டரின் கையில் ஹேர் டிரையர் ஓடிக்கொண்டிருந்தது.

சூடு காட்டினால் சீக்கிரம் விரியும் என்று நினைத்துத்தான் காட்டினாள். அது விரியவில்லை. காம்போடு கழன்று செருப்புக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்து, பிடுங்கிய பல்லைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மணி பன்னிரண்டு. அக்கா நாலு மணிக்கு வருகிறாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் வீட்டின் பின்பக்கம் நட்ட கொடி அது. கொத்துக் கொத்தாய் ஊதாப் பூ பூக்கும் என்று நாற்றுக் கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிக் கொடுத்தது. இரண்டாள் உயர மதிலின் உச்சி வரைக்கும் இலை ஏறியதே தவிர, பூ என்ற பேச்சே இல்லை. அந்த இடத்தில் வண்டி நிறுத்த ஷெட் போட்டே ஆகவேண்டும் என்று கணவர் ஒற்றைக் காலில் நின்றார். இந்த வசந்தத்தில் பூக்காவிட்டால் வெட்டிவிடலாம் என்று கடைசியில் அவளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான், பத்து நாளைக்கு முன்னால், அந்த ஒற்றை மொட்டு எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்த அத்தனை பேரிடமும் மொட்டின் கதையைச் சொன்னாள். அவர்களால் ‘ஆ’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாததால், எல்லோருக்கும் தன்னைப் போலவே ஆர்வம் என்று எடுத்துக்கொண்டாள். அந்த வேகத்தில்தான் அக்காவுக்கும் ஃபோன் போட்டாள். அக்கா வீட்டுத் தோட்டத்தில் வசந்தம் வந்தால் இலை கண்ணில் படாது, பூதான் படும்.

ஷெட்டுக்கு அளவெடுக்கும் டேப்போடு கணவர் பின்கட்டுக்கு வருவதற்குள், பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினாள்.

நாற்றுக் கடை பூட்டியிருந்தது. தெருத் தெருவாக ஊதா நிறத்தைத் தேடி வளைந்து வளைந்து ஓட்டியதில், எந்தத் தெருவில் இருக்கிறோம் என்பதே புரியாமல் போயிற்று. திடீரென்று பிரேக்கை மிதித்தாள். பாதி திறந்திருந்த ஒரு கம்பி கேட்டுக்கு உள்ளே, பந்தல் கொள்ளாமல் ஊதாக் கொத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன.

உள்ளே போய் நின்றாள். தலைக்கு மேல் தேனீக்களின் ரீங்காரம். காற்று லேசாக அசைந்ததும் நாலைந்து இதழ்கள் தோளில் உதிர்ந்தன. வந்த வேலையே ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று. நினைவு வந்ததும் ஒரு கொத்தைப் பறித்தாள். ஒன்று மட்டும் இருந்தால் பாவமாக இருக்கும் என்று இன்னொன்று. கை நீண்டது நீண்டாயிற்று என்று மூன்றாவதும். பூவாளியோடு வெளியே வந்த பெரியவர் ஒருவர் வாயைத் திறப்பதற்குள் கார் தெருமுனையில் இருந்தது.

வீட்டு முன்னறைதான் கிளினிக். கணவர் மதியத் தூக்கத்தில் இருந்தார். பல் அடைக்கும் சிமென்டை எடுத்துப் போய், மூன்று கொத்தையும் கொடியில் ஒட்டி, நீல விளக்கைக் காட்டினாள். இருபது வினாடியில் கல்லாக இறுகியது. அவள் தொழிலில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை அமைந்ததில்லை.

அக்கா வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

“நெஜமாவே பூத்துடுச்சேடி. நீ சும்மா அளக்குறியோன்னு நெனச்சேன்.”

கணவர் டேப்பை மெல்லச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஷெட்டை வேறு பக்கம் போட்டுக்கலாம் என்று அவராகவே சொன்னார். அவளுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அதோடு அக்கா விட்டிருக்கலாம். தன் தோட்டக் குழுவுக்கு ஃபோன் போட்டு, ஐந்து பேரையும் உடனே கிளம்பி வரச் சொன்னாள். வருகிற ஐந்து பேரும் மோப்பத்தில் கில்லாடிகள், வாசனையை வைத்தே பூவின் வயசைச் சொல்லிவிடுவார்கள் என்றாள். அப்புறம் தானும் ஒரு கொத்தை மூக்குக்கு இழுத்தாள்.

கொத்து கையோடு வந்தது. அடியில் வெள்ளையாக ஒரு உருண்டை.

கணவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஏம்மா, பூவுக்கு ஃபில்லிங் பண்ணியிருக்கியா?”

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. தோட்டக் குழு அதற்குள்ளாகவா என்று கதவைத் திறந்தாள். பந்தல் வீட்டுப் பெரியவர் நின்றிருந்தார். கையில் கூடை நிறைய ஊதாக் கொத்துகள். ஆதாரத்தோடு வந்துவிட்டார் என்று நினைத்தாள். பெரியவர் சிரித்தார். மேல்வரிசையில் வலது ஓரம் ஒரு பல் இல்லை. போன மாதம் அவளே பிடுங்கியது. வாயைத் திறந்தால்தான் அவளுக்கு ஆள் அடையாளம் தெரியும்.

பின்னால் கணவரும் அக்காவும் வந்து நின்றார்கள். இனி மறைத்துப் பயனில்லை. மொட்டு விழுந்தது முதல் சிமென்ட் வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

“மூணு கொத்தையும் நான்தாங்க பறிச்சேன். தப்புதான். மன்னிச்சுடுங்க ஐயா.”

பெரியவர் ஒன்றும் புரியாமல் கூடையை அவள் கையில் கொடுத்தார்.

“உங்க பூவை நீங்க பறிச்சதுக்கு என்கிட்ட எதுக்கு டாக்டரம்மா மன்னிப்பு? உங்க பின்மதிலுக்கு அந்தப் பக்கம்தான் என் வீடு, நாலு வருஷமா உங்க கொடி மதில் தாண்டி வந்து எங்க பந்தல்லதானே பூத்துக் கொட்டுது.”