செயலாளர் பொறுப்பை ஒப்படைக்கப் போன சனிக்கிழமை

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. எங்க சங்கத்துக்குப் புதுசா தேர்ந்தெடுத்த மூணு பேரை உட்கார வெச்சு, பொறுப்பு என்னன்னு விளக்கிட்டு, ஒப்படைப்புத் தாளில் கையெழுத்து வாங்கணும். அரை மணி நேர வேலை.

என்ன சங்கம்னு சொல்லிடறேன். திருவள்ளூர் பக்கத்துல எங்க பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஆராய்ச்சி வளாகம் இருந்துச்சு. பி.எச்.டி. முடிச்ச பிறகும் வெளியே வேலை கிடைக்காம, ஃபெலோஷிப்பை வெச்சு வருஷத்தை ஓட்டிக்கிட்டு இருந்தவங்க அங்க பதினோரு பேர். போஸ்ட் டாக்னு பேர். மாணவனும் இல்லை, வாத்தியாரும் இல்லை. எங்களுக்குன்னு இருந்தது ஒரு சங்கம் மட்டும்தான்.

அதுக்குச் செயலாளர் நான்.

எங்க சங்கத்துல ஒரு வழக்கம். தேர்தல் கூட்டத்துக்கு யார் வரலையோ, அவங்களைத்தான் பொறுப்புக்குத் தேர்ந்தெடுப்போம். வந்தவங்க வேண்டாம்னு சொல்லிடுவாங்க. வராதவங்களால சொல்ல முடியாது.

ரெண்டு வருஷம் முன்னாடி நான் வந்த எலக்ட்ரிக் ட்ரெயின் வழியில முக்கால் மணி நேரம் நின்னுடுச்சு. கூட்டத்துக்குள்ள நுழைஞ்சப்போ எல்லாரும் கைதட்டி வரவேற்றாங்க. அதுக்கு முன்னாடி என்னை யாரும் கைதட்டி வரவேற்றதில்லை. சந்தோஷமா சிரிச்சுக்கிட்டே போய் உட்கார்ந்தேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாங்க.

இப்ப எனக்குக் கும்மிடிப்பூண்டியில ஒரு பெயின்ட் கம்பெனி லேபில் நிரந்தர வேலை கிடைச்சிருந்துச்சு. திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு ரிலீவிங் ஆர்டரோட வந்து நிக்கணும், இல்லைன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம்னு சொல்லிட்டாங்க.

அந்த வேலைக்கு நான் ஏங்கிப் போயிருந்தேன். நாலு வருஷமா என் மாமனார்கிட்ட யாராவது "மாப்ள இன்னா பண்றாரு?"ன்னு கேட்டா, அவர் குரலைத் தாழ்த்தி, "இன்னும் படிச்சிக்கினுதான் கீறாரு"ம்பார். எனக்கு அப்ப வயசு முப்பத்தி நாலு.

ரிலீவிங் ஆர்டர் வாங்க வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போனேன். சூப்பரின்டென்டென்ட் மேடம் ஃபைலைப் புரட்டினாங்க.

"சங்கத்துச் செயலாளர் நீங்கதானே? புதுச் செயலாளர் பொறுப்பை வாங்கிக்கினேன்னு கையெழுத்து போட்ட தாள் வேணும். நாளைக்கு ஒரு மணிக்குள்ள கொண்டாங்க. அதுக்கு மேல நான் இருக்க மாட்டேன்."

"மேடம், ஒப்படைக்க அங்க ஒண்ணுமே இல்லை. ஒரு மினிட் புக், ஒரு ரப்பர் ஸ்டாம்ப், அவ்வளவுதான்."

"அத்த ஒப்படைச்சிட்டு வாங்க."

நல்லவேளையா தேர்தல் போன மாசமே முடிஞ்சிருந்துச்சு. அன்னிக்கு வராம போனவங்க மூணு பேர். பழவேற்காட்டுக் கபீர் செயலாளர், கும்மிடிப்பூண்டி ஸ்டெல்லா தலைவர், காக்களூர் முருகேசன் துணைத் தலைவர். மூணு பேரையும் சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னேன்.

இதோட நிறுத்தியிருக்கணும். கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்பியிருக்கணும். ஆனா எனக்கு வாய் சும்மா இருந்தாலும் மூளை சும்மா இருக்காது. பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துல எல்லாம் புதுப் பொறுப்பாளர்களுக்கு ஓரியன்டேஷன்னு ஒண்ணு நடத்தறாங்கன்னு படிச்சேன். நாமளும் நடத்தினா என்னன்னு தோணிச்சு. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து, ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர்ல காட்ட இருபத்திரெண்டு ஷீட் எழுதினேன். ரெண்டு கலர்ல.

காலையில பத்து மணிக்கு மூணு பேரும் வந்துட்டாங்க. நான் ஆடிப் போயிட்டேன். வந்தது பொறுப்பை ஏத்துக்க இல்லை, வேண்டாம்னு சொல்லன்னு உடனே தெரிஞ்சுபோச்சு.

"அண்ணே, அன்னிக்கி மச்சானுக்கு நிக்கா. பந்தியில பிரியாணி துன்னுகினு இருந்தவனைச் செயலாளரா ஆக்கிட்டீங்களே, இது நியாயமா?"ன்னான் கபீர்.

முருகேசன் கைக்குட்டையால மொட்டைத் தலையைத் துடைச்சுக்கிட்டான். "நான் பெரியபாளையத்துல ஆத்தாளுக்கு மொட்ட அடிக்கப் போயிருந்தேண்ணே. வந்து பாத்தா இங்கயும் அடிச்சி வெச்சிகிறீங்க."

ஸ்டெல்லாவுக்குத்தான் கோபம் அதிகம். "ஊட்ல கொயந்தைக்கு ஜுரம்னு லெட்டர் குடுத்துட்டுத்தானே சார் போனேன்?"

"லெட்டர் குடுத்ததாலதாம்மா தலைவர். சொல்லாம போனவங்களுக்குத் துணைத் தலைவர்தான்."

நைசா பேசி உட்கார வெச்சு, ப்ரொஜெக்டரைப் போட்டேன். முதல் ஷீட், சங்க விதிகள். மூணு உறுப்பினர் இருந்தா அது கூட்டம். மினிட் புக்கில் எழுதி மூணு பேர் கையெழுத்து போட்டா அது தீர்மானம். பொறுப்பாளரோட ராஜினாமாவைக் கூட்டம் ஏத்துக்கலாம். கூட்டத்துல இல்லாதவரைப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கலாம்.

கபீர் நோட்டை எடுத்து ஒரு வரி விடாம எழுதினான். "அண்ணே, அந்த மூணாவது விதியை இன்னொரு தபா காட்டுங்க"ன்னான். இப்படி ஒரு பொறுப்பான பையன் எனக்குப் பிறகு வர்றானேன்னு எனக்குக் கண் கலங்கிடுச்சு.

நாலாவது ஷீட்ல ஸ்டெல்லா, "சார், டீ கீ ஒண்ணும் இல்லையா?"ன்னாங்க.

சனிக்கிழமை கேன்டீன் கிடையாது. கேட்டுக்கு வெளியே இருக்கிற டீக்கடைக்குத்தான் போகணும். யாரை அனுப்பறது? எவரை அனுப்பினாலும் அப்படியே பஸ் ஏறிடுவாங்க. "நீங்க உட்காருங்க, நானே போறேன்"னு ஃபிளாஸ்க்கை எடுத்தேன். போகும்போது வெளித் தாழ்ப்பாளையும் சத்தமில்லாம போட்டுட்டேன். என்ன புத்திசாலித்தனம்னு என்னை நானே மெச்சிக்கிட்டேன்.

டீக்கடையில அடுப்பு அணைஞ்சிருந்துச்சு.

"கேஸ் தீந்து பூச்சி சார். சிலிண்டரு வந்துகினே கீது. அஞ்சே நிமிசம்"னார் கடைக்காரர்.

அஞ்சு நிமிஷம் அரை மணி ஆச்சு. சிலிண்டர் சைக்கிள்ல வந்து இறங்கினதும், "டீ மட்டும் போதுங்க"ன்னேன்.

"இன்னா சார், உனக்குன்னு மொளகா பஜ்ஜிக்கு மாவு கரைச்சிட்டேனே. இப்ப வேணான்னா நான் யாருகிட்ட போவறது? பேஜாரா பூடும்."

யார் எதைச் சொன்னாலும் மறுக்கத் தெரியாத ஆள் நான். இல்லைன்னா ரெண்டு வருஷம் செயலாளரா இருந்திருப்பேனா? பஜ்ஜி வெந்து முடிஞ்சு, நான் திரும்பி வந்து சேர்ந்தப்போ மணி பன்னெண்டு.

தாழ்ப்பாளை எடுத்துட்டுக் கதவைத் திறந்தேன். மூணு பேரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க.

அந்தக் கைதட்டலை நான் முன்னாடியே கேட்டிருக்கேன்.

மேஜை மேல மினிட் புக் திறந்து கிடந்துச்சு. முத்து முத்தா கபீரோட கையெழுத்து. மூவரின் ராஜினாமாவும் ஏற்கப்பட்டது. கூட்டத்துக்கு வராத முன்னாள் செயலாளர் மறுபடியும் செயலாளராக ஏகமனதாகத் தேர்வு. அவர் வராததன் காரணம், டீ.

"மத்த ஏழு பேரும்தானேடா வரலை?"ன்னேன்.

"அவுங்கள்ல ரெண்டு பேரைத் தலைவரும் துணைத் தலைவருமா போட்டுட்டோம்ணே. செயலாளருக்கு மட்டும் அனுபவம் வேணும்ல?"

"கபீரு, திங்கக்கிழமை வேலைக்குச் சேரணும்டா. இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து போடுடா."

"நான் இப்போ செயலாளரே இல்லியேண்ணே. போட்டா செல்லாது. நீங்கதானே ஷீட்ல காட்டுனீங்க?"ன்னு ரொம்ப வருத்தமாத்தான் சொன்னான். சொல்லிட்டு ஒரு பஜ்ஜியை எடுத்துக்கிட்டான்.

எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன், மூணு பேரும் அசையலை. மினிட் புக்கைத் தூக்கிக்கிட்டு ஆபீசுக்கு ஓடினேன். மணி பன்னெண்டே முக்கால். மேடம் டிபன் பாக்ஸைப் பைக்குள்ள வெச்சுக்கிட்டு இருந்தாங்க. நடந்ததை எல்லாம் சொன்னேன்.

அவங்க பொறுமையா மினிட் புக்கைப் படிச்சாங்க. "பழைய செயலாளர் யாரு?"

"நான்தான் மேடம்."

"புதுச் செயலாளர்?"

"அதுவும் நான்தான்."

"அப்புறம் இன்னா? ரெண்டு எடத்துலயும் கையெழுத்து போடுங்க."

"மேடம், நான் இந்தப் பல்கலைக்கழகத்தை விட்டே போறேனே. நான் எப்படி..."

"அது உங்க சங்கத்துப் பாடு. எனக்குத் தாள்தான் வேணும். மணியப் பாருங்க."

ஒப்படைத்தவர்ங்கிற இடத்துல ஒரு கையெழுத்து, பெற்றுக்கொண்டவர்ங்கிற இடத்துல ஒரு கையெழுத்து போட்டேன். மினிட் புக்கையும் ஸ்டாம்பையும் என்கிட்ட இருந்து நானே வாங்கி என் பைக்குள்ள வெச்சுக்கிட்டேன். மேடம் திருப்தியா தலையாட்டிட்டு ரிலீவிங் ஆர்டரைக் கொடுத்தாங்க. திங்கக்கிழமை ஏழரைக்கே கும்மிடிப்பூண்டி கம்பெனி கேட்டுல நின்னேன். மாமனாருக்கு அன்னிக்குத்தான் தலை நிமிர்ந்துச்சு.

அடுத்த வருஷம் ஒரு நாள் கம்பெனிக்கு போன் வந்துச்சு. கபீர்.

"வாழ்த்துகள்ணே. இந்த வாட்டியும் ஏகமனதா உங்களத்தான் போட்ருக்கோம்."

நேர்ல போய் வேண்டாம்னு சொல்லிடலாம்தான். ஆனா சங்கத்துக் கூட்டம் சனிக்கிழமை, கம்பெனியில சனிக்கிழமை லீவு கிடையாது. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் நான் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. அதனால இன்னிக்கு வரைக்கும் அந்தச் சங்கத்துக்குச் செயலாளர் நான்தான்.