முப்பத்தெட்டுச் செக்கன்

“முப்பத்தெட்டுச் செக்கன்!” என்று பணிப்பாளர் கிறிஸ்துநாயகம் மணிக்கூட்டைப் பார்த்துக் கத்தியபோது பஞ்சலிங்கத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. அதற்கு ஒரு செக்கன்கூடத் தேவைப்படவில்லை.

அடுப்பில் எரிந்தது நிவேதனாவின் கரிக்கட்டி. சுன்னாகம் சந்தையில் கூட்டி அள்ளி எறிகிற வெங்காயச் சருகைக் கரியாக்கி, அச்சில் அழுத்திச் செய்தது. பஞ்சலிங்கத்தின் கட்டி பனங்கொட்டை ஊமலில் செய்தது. ஒன்பது வருட ஆராய்ச்சி. எது எப்படிப் பற்றும், எவ்வளவு சூடு தரும், எவ்வளவு புகைக்கும் என்று பார்க்கிற அந்த உரும்பிராய் ஆய்வுகூடத்தில் அவர்தான் மூத்தவர். அவருடைய கட்டி பற்ற இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தது.

“என்ன பஞ்சலிங்கம், வெங்காயம் உம்மடை ஊமலை வெண்டு போட்டுது?”

“ஓம் சேர். எனக்கும் சந்தோசம்தான்.”

சந்தோசமாவது மண்ணாவது! மூன்று மாதத்துக்கு முன் அந்தப் பெட்டை வேலைக்கு வந்த முதல் நாள், அவளுடைய கட்டி பற்றவே இல்லை. அழுதேவிட்டாள். கூட்டித் துடைக்கிற தங்கமுத்து தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி ஆறுதல் சொன்னாள். பஞ்சலிங்கமும், “பரவாயில்லைப் பிள்ளை, எல்லாருக்கும் உடனை வராது” என்று பெரிய மனதோடு சொன்னார். அன்றைக்கு அவர் வீட்டில் இரண்டு தட்டு இடியப்பம் கூடச் சாப்பிட்டார்.

அடுத்த நாளிலிருந்துதான் இந்த முப்பத்தெட்டுச் செக்கன் தொடங்கியது.

வருகிற வெள்ளிக்கிழமை கடைசிப் பரிசோதனை. எந்தக் கட்டி வெல்கிறதோ, அதைச் செய்தவர் ஆறு மாதம் ஜப்பானுக்குப் போகலாம். பஞ்சலிங்கம் போவது முடிந்த விஷயம் என்று அவர் மனைவி நல்லம்மா கீரிமலைக் கேணியில் முழுக வந்தவர்களுக்குக்கூடச் சொல்லிவிட்டாள். கம்பளிச் சுவெற்றர் வாங்கியாயிற்று. அதைப் போட்டுப் பார்த்து வேர்த்தும் ஆயிற்று.

“அவளின்ரை புகை கூட நல்ல வாசமப்பா. கோயிலுக்கை நிக்கிற மாதிரி இருக்கு,” என்று அன்று மாலை மனைவியிடம் பொருமினார்.

“அப்ப நீங்களும் வாசமா ஏதும் போடுங்கோவன்.”

போட்டார். ஊமல் கரியோடு கால் கிலோ சாம்பிராணியை அரைத்துக் கலந்தார். மறுநாள் கட்டி பற்றவில்லை, புகைந்தது. பத்து நிமிடத்தில் ஆய்வுகூடம் முழுக்க வெள்ளைப் புகை. பணிப்பாளர் இருமிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்.

“என்ன ஐசே, பேய் ஓட்டுறீரோ?”

நிவேதனா ஓடிப்போய் யன்னல்களைத் திறந்துவிட்டு, “சேர், கண் எரியுதோ? தண்ணி கொண்டு வரட்டே?” என்று கேட்டாள். அந்த அன்பு சாம்பிராணிப் புகையைவிட மோசமாக அவரை எரித்தது.

அப்போதுதான் அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. குற்றம் கட்டியில் இல்லை, அடுப்பில்தான். யன்னலோரம் இருக்கிற அவளுடைய அடுப்புக்கு நல்ல காற்று.

“சேர், இது நீதியில்லை. இடத்தை மாத்தித் தாங்கோ,” என்று பணிப்பாளரிடம் போய் நின்றார்.

நிவேதனா மறுபேச்சுப் பேசாமல் தன் அளவுகருவிகளைத் தூக்கிக்கொண்டு சுவரோரத்து அடுப்புக்குப் போனாள். பஞ்சலிங்கம் யன்னலோரம் குடிபுகுந்தார். தங்கமுத்து வழக்கம்போலச் சாம்பல் அள்ள அந்தப் பக்கம் வந்தாள்.

“ஏய், கிட்ட வராதை! என்ரை அடுப்பை நானே துடைப்பன். ஒருத்தரும் கை வைக்கக் கூடாதெண்டு எத்தினை தரம் சொல்லுறது?”

“எனக்கென்ன சேர், வேலை மிச்சம்,” என்று சொல்லிவிட்டு அவள் நிவேதனாவின் அடுப்பைத் துடைக்கப் போனாள்.

அன்று காற்றில் பஞ்சலிங்கம் கட்டியைப் பற்றவைக்கப் போட்ட எண்ணெய்த் துணி இரண்டு தரம் அணைந்தது. நிவேதனாவின் கட்டி சுவரோரத்தில் முப்பத்தாறு செக்கனில் பற்றியது.

இரண்டு செக்கன் குறைவு! ஒன்பது வருடம் ஊமல் பொறுக்கினவன் நான், ஜப்பானுக்குப் போவது வெங்காயச் சருகா? இரவு சுவெற்றர் இருந்த அலுமாரியைத் திறக்கவே அவருக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே, ஒருவரும் வருமுன் ஆய்வுகூடத்துக்குப் போனார். பெயர் எழுதிய இரண்டு தட்டுகளிலும் கட்டிகள் தயாராக இருந்தன. ஒரே அச்சு, ஒரே கறுப்பு. அவருடைய கட்டியின் அடியில் மட்டும் ஆணியால் கீறிய சின்ன ‘ப’. இரண்டையும் மாற்றி வைத்தார். இனி அவளுடைய கட்டி அவருடைய அடுப்பில் எரியும், அவருடைய பெயரில். பிழைதான். ஆனால் ஒன்பது வருடம்!

பத்து மணிக்கு எல்லாரும் சுற்றி நின்றார்கள். தங்கமுத்துகூடக் கூட்டுகிற தும்புத்தடியோடு வாசலில் நின்றாள். பணிப்பாளர் தட்டிலிருந்த கட்டிகளை அவரவர் அடுப்பில் வைத்து, ஒரே அளவான எண்ணெய்த் துணி இரண்டைக் கொளுத்தி இரண்டு அடுப்பிலும் போட்டார்.

நிவேதனாவின் அடுப்பு குப்பென்று பற்றியது.

“முப்பத்தேழு!” என்றார் பணிப்பாளர். “முடிஞ்சுது. பிள்ளை, ஜப்பானுக்கு வெளிக்கிடு!”

பஞ்சலிங்கத்தின் அடுப்பு கிழட்டுப் பீடி மாதிரிப் புகைந்துகொண்டிருந்தது. அவருக்கு உலகமே இருண்டது. பிறகு திடீரென்று வெளித்தது. அட! அங்கே குப்பென்று எரிவது யாருடைய கட்டி? இங்கே புகைகிறது யாருடையது?

“பொறுங்கோ சேர்! வெண்டது என்ரை கட்டி!”

“என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?”

“காலமை நான்தான் மாத்தி வைச்சனான். பிழைதான், ஒத்துக்கொள்ளுறன். கடிதம் எழுதித் தாறன், என்ன தண்டனையும் தாங்கோ. ஆனால் இஞ்சை பாருங்கோ!” என்று தணல் பிடிக்கிற குறட்டை எடுத்து, எரிகிற கட்டியைப் புரட்டிக் காட்டினார். செந்தணலுக்கு நடுவே ‘ப’ தெளிவாகத் தெரிந்தது.

நிவேதனாவின் கண்கள் கலங்கின. பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டார்.

“செய்தது கள்ளவேலைதான்,” என்றார் கடைசியில். “ஆனால் எரிஞ்சது உம்மடை கட்டிதான். அதை நான் இல்லையெண்டு சொல்லேலாது.”

ஒன்பது வருடத்துக்குப் பிறகு பஞ்சலிங்கத்தின் வயிறு குளிர்ந்தது. மனதுக்குள் சுவெற்றரை எடுத்து மாட்டி, பொத்தான்கூடப் போட்டுவிட்டார்.

வாசலில் தும்புத்தடி தொப்பென்று விழுந்தது. தங்கமுத்து வாயில் கை வைத்தபடி நின்றாள்.

“ஐயோ சேர், அப்ப அந்தப் பிள்ளை அழக்கூடாதெண்டு மூண்டு மாசமா அவளின்ரை அடுப்புச் சாம்பலுக்கை நான் ஒளிச்சு வைக்கிற கற்பூரம், இண்டைக்கு உங்கடை கட்டிக்கே எரிஞ்சது?”