இரண்டு கம்பு மணிகள்

ஏழுமடை நாட்டில் அரசாணைகள் நடந்து போவதில்லை, பறந்து போகும். யாருக்கு எத்தனை படி அரிசி, எந்த வயல் யாருடையது, மலை ஆஸ்பத்திரியில் எந்த நோயாளிக்கு எத்தனை சொட்டு மருந்து என்பதெல்லாம் புறாக்காலில் கட்டிய சீட்டாக அரண்மனைப் புறாமாடத்துக்கு வரும். அங்கிருந்து ஊர் ஊராகப் பிரிந்து செல்லும். அண்டை நாடுகள் இந்த ஏற்பாட்டைக் கண்டு வியந்தன. சில நாடுகள் வியந்ததோடு நிற்காமல், தங்கள் புறாக்களுக்கும் அரண்மனைப் புறாக்களைப் போலவே கால்வளையம் மாட்டிப் பொய்ச்சீட்டோடு அனுப்பத் தொடங்கின.

அவற்றைப் பிடிக்க மாடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவர் மாசானம், இளையவள் பூங்கோதை. புறா இறங்கியதும் ஒரு பிடி கம்பை வீசுவார்கள். சீட்டை அவிழ்க்கும்வரை தீனியைத் தொடக்கூடாது என்று பழக்கப்பட்ட அரண்மனைப் புறா, காலை நீட்டிக்கொண்டு நிற்கும். அன்னியப் புறா குனிந்து கொத்தும். கொத்தினால் சீட்டைக் கிழித்துவிட்டு மாடத்தின் கதவைச் சற்று நேரம் இறக்கி வைப்பார்கள். வேலை அவ்வளவுதான்.

பூங்கோதை ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுவாள்: வந்த நேரம், சீட்டில் இருந்த செய்தி, தின்றதா, தின்னவில்லையா. எழுதி முடித்ததும் சந்தேகம் வரும். பக்கத்திலேயே, ‘பசியாகவும் இருக்கலாம்’ என்று சேர்த்துவிடுவாள்.

“தின்னுச்சுன்னா தின்னுச்சு பிள்ளே,” என்பார் மாசானம். “புறாவுக்கு எதுக்கு நீ வக்கீலா நிக்கிறே?”

தேர்தல் நெருங்கிய ஆண்டில், ‘புறாமாடக் காவல் குழு முறைப்படுத்தும் சட்டம்’ வந்தது. அதன் முன்வரைவும் வழக்கம்போலப் புறா வழியாகவே சபைக்குப் போனது. யாரும் எதிர்க்கவில்லை, படித்தால்தானே எதிர்ப்பதற்கு. சட்ட அமைச்சர் சபாரஞ்சனர் ஒரு பகல் முழுவதும் விளக்கவுரை ஆற்றினார். மறுநாள் அமலானது.

சட்டப்படி, ஒரு புறா அன்னியப் புறா என்று அதற்குரிய துறை எழுத்து மூலம் சான்றளித்த பிறகே அதன் முன் கம்பு வீசலாம். தன் துறைக்குள் அன்னியப் புறா நுழைந்ததாகச் சான்றளிக்கும் அதிகாரி, கவனக்குறைவுக்காக உப்பளத்துக்கு மாற்றப்படுவார்.

ஒரு சான்றும் வரவில்லை.

“சென்ற ஆண்டு இருநூற்றுப் பதினோரு தாக்குதல்கள்,” என்று அமைச்சர் மேடையில் முழங்கினார். “சட்டம் வந்தபின் ஒன்றுகூட இல்லை. எதிரி அஞ்சிவிட்டான்.” அன்றுமுதல் மாலைதோறும் முரசறைந்து சொன்னார்கள்: “இன்று தாக்குதல் எதுவும் நடக்கவில்லை.”

கீழ்மடைக்கு அரிசிக்குப் பதில் நாற்பது மூட்டை உப்பு போனது. இரண்டு தெருக்காரர்களின் வீடுகள் சீட்டுப்படி கைமாறின. மாடத்தில் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு புறாக்களைப் பார்த்திருந்தார்கள்.

ஒருநாள் விடியற்காலை, பூங்கோதையின் அக்கா காந்திமதி மலையிலிருந்து நடந்தே வந்துசேர்ந்தாள். சாரத்திலிருந்து விழுந்த அப்பா மலை ஆஸ்பத்திரியில் இருந்தார்.

“அப்பாவுக்கு ரெண்டு சொட்டு மருந்துடி. நேத்து வந்த சீட்டுல இருபதுன்னு போட்டிருக்கு. வார்டுல எல்லாருக்கும் இப்படித்தான் தாறுமாறா. டாக்டரம்மா கொடுக்காம வச்சிருக்காங்க. நாளை மதியத்துக்குள்ள சீட்டுப்படி கொடுக்கலைன்னா அவங்க இடத்துக்கு வேற ஆள் வந்து கொடுப்பாங்களாம்.”

பூங்கோதை சுகாதாரத் துறைக்கு ஓடினாள். “எம் துறைப் புறாக்கள் ஒழுக்கமானவை,” என்று அதிகாரி உப்பளம் இருக்கும் திசையைப் பார்த்தபடி சொன்னார். அவசரமென்றால் எழுவர் குழுவிடம் அனுமதி கேட்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. விண்ணப்பம் புறா வழியாக அனுப்பப்பட வேண்டும்.

அனுப்பினாள். கால் மணி நேரத்தில் பதில் வந்து இறங்கியது: ‘அனுமதி மறுக்கப்படுகிறது.’

“கால் மணியிலயா?” என்றார் மாசானம். “அந்த ஏழு பேரும் ஒரு இடத்துல உக்கார்றதுக்கே ஒரு மாசம் ஆகுமே.”

பூங்கோதையின் கை பழக்கதோஷத்தில் கம்பை வீசிவிட்டது. புறா நிதானமாக, ஒன்று விடாமல் தின்றது.

அவள் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஆடி ஒன்பதில் விரல் நின்றது. ‘காலை. சட்டத்துறை முத்திரை. காவல் குழுச் சட்ட முன்வரைவு. தின்றது, இரண்டு கம்பு மணிகள் மட்டும். பசியாகவும் இருக்கலாம்.’

அவள் கொண்டுபோய் நீட்டிய நோட்டில் சட்ட அமைச்சர் அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

“இந்தச் சட்டத்தை எதிரி எழுதி அனுப்பினான் என்கிறாயா?”

“புறா தின்னுச்சுங்க ஐயா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அன்னிக்கே கிழிச்சிருக்கணும். சந்தேகப்பட்டு விட்டுட்டேன்.”

“நூற்று நாற்பது உறுப்பினர்கள் கைதட்டி நிறைவேற்றினார்கள். யாம் ஒரு பகல் விளக்கினோம்.”

“ஆமாங்க ஐயா.”

“எனவே அது நம்முடைய சட்டம்தான்.” நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். “தவிரவும், அது அன்னியப் புறா என்று சட்டத்துறை சான்றளிக்க வேண்டும். சட்டத்துறை யாம். யாம் சான்றளிக்கவில்லை.”

பூங்கோதை மாடத்துக்குத் திரும்பி வந்து கதவின் கயிற்றை அவிழ்த்தாள்.

“வேலை போயிடும் பிள்ளே.”

“தெரியும்ண்ணே. நான் நினைக்கிறது தப்பாவும் இருக்கலாம்.”

“தப்பா இருந்தா புறாவுக்கு ஒருநாள் லீவு,” என்று சொல்லிவிட்டு மாசானமும் வந்து கயிற்றைப் பிடித்தார். கதவு இறங்கியது. வெளியிலிருந்து வந்த புறாக்கள் இறங்க இடமில்லாமல் வானத்தில் சுற்றின.

பழைய சீட்டுகளின் அளவெல்லாம் நோட்டில் இருந்தது. வார்டிலிருந்த பதினோரு பேருக்கும் உரிய சொட்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அக்காவுடன் மலையேறினாள். அப்பாவின் வரியை வழியில் நான்கு முறை சரிபார்த்தாள். நான்கு முறையும் இரண்டு சொட்டுதான்.

ஆஸ்பத்திரியின் ஓட்டுக்கூரை கண்ணில் பட்டபோது கீழே முரசு கேட்டது.

“இன்று ஒரு தாக்குதல் நடந்தது,” என்றது குரல். “சட்டம் வந்தபின் இதுவே முதலாவது. புறாமாடத்தின் கதவை ஒருத்தி மூடிவிட்டாள். தேடுகிறோம்.”

காந்திமதி தங்கையின் கையைப் பிடித்தாள். பூங்கோதை நோட்டை எடுத்து, நின்றபடியே எழுதினாள்: ‘மாலை. கதவை நான்தான் மூடினேன்.’

பக்கத்தில் இடம் இருந்தது. அவள் எதுவும் சேர்க்காமல் ஆஸ்பத்திரியை நோக்கி நடந்தாள்.