கேஸ் நிற்காத கார்

இரும்புலியூர் சிக்னலில் கார் நின்றபோது ஸ்ரீரங்கன் ஏசி துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தார். இட்லிப் பானையைத் திறந்த மாதிரி காற்று வந்தது.

"போன வாரம்தானே காமு கேஸ் ரொப்பினோம்?"

"நிக்கலையோ என்னமோ," என்றாள் காமு, முந்தானையால் விசிறிக்கொண்டே. "சொல்லிட்டேன்னா. தீபாவளிக்குள்ள குளிரலேன்னா இந்தக் காரை வித்துடணும்."

ஸ்ரீரங்கன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். டெலிபோன்ஸில் ரிடயர் ஆனபிறகு அவர் சொன்னபடி திரும்புவது அந்த ஸ்டியரிங் ஒன்றுதான். குக்கர் பக்கத்தில் நின்று விசில் எண்ணிச் சொன்னார், காமு பாராட்டவில்லை. பெருக்க வரும் கன்னியம்மாவுக்கு எந்த மூலையிலிருந்து தொடங்குவது என்று படம் போட்டுக் காட்டினார். அவள் மூன்று நாள் லீவு போட்டாள்.

மறுநாள் காலையிலேயே முடிச்சூர் ரோட்டில் இருக்கும் மெக்கானிக் சவுரிமுத்துவின் ஷெட்டில் ஆஜரானார்.

"இன்னா சார், மறுபடியுமா?"

"நீ கம்மியா விட்டுட்டே. இந்தத் தடவை தூக்கலா விடு."

"ஜாஸ்தியா வுட்டா கம்ப்ரஸர் கோச்சுக்கும் சார்."

"இது என்ன சாம்பாருக்கு உப்பா? விடுப்பா!"

சவுரிமுத்து விட்டான். வண்டலூர் போவதற்குள் கம்ப்ரஸர் நிஜமாகவே கோபித்துக்கொண்டு நின்றது. முன்பு சூடாக வந்த காற்று இப்போது கொதித்தது.

அடுத்த நாள் குழாய் முழுக்க சோப்பு நுரை பூசி லீக் தேடினார்கள். கார் குளித்ததுதான் மிச்சம். ஒரு குமிழிகூட எழவில்லை.

"டேஷ்போர்டுக்குள்ள இருக்கும். கழட்டு," என்றார் ஸ்ரீரங்கன்.

"அது பெரிய பேஜார் சார்."

"ஒயரையெல்லாம் நான் மாட்டறேன். வாழ்நாள் பூரா ஒயரோட குடித்தனம் நடத்தினவன் நான்."

மாட்டினார். ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடியது. வைப்பரைப் போட்டால் ரேடியோ பாடியது. அதைச் சரிசெய்ய இன்னொரு வாரம் ஆயிற்று. ரேடியோவைச் சரிசெய்தபோது பின்கதவு பூட்டிக்கொண்டது. அதற்கு இன்னொரு வாரம்.

காமுவைப் போல ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. தினமும் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள்.

"அவசரமே இல்லைன்னா. நிதானமா பாத்துட்டு, வெயில் தாழ வாங்கோ."

ஷெட்டில் அவருக்கென்று ஒரு பழைய டயர் ஆசனம் அமைந்தது. வருகிறவர்களெல்லாம் "ஏசி சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நகத்தில் கிரீஸ், தொப்பையில் பாதி காணோம், ராத்திரி படுத்தவுடன் குறட்டை. ஒரு நாள் சீக்கிரம் திரும்பியபோது காமு சமையலறையில் உரக்கப் பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் கேட்டது; வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

தீபாவளி நெருங்கியது. ஸ்ரீரங்கன் ஷெட்டுக்கு ஓடினார்.

"சவுரிமுத்து, கார் போனா நான் செத்தேன். பழைய கேஸை மொத்தமா எடுத்துட்டு, நீ சொல்ற அளவுக்கே புதுசா விடு. நான் வாயே திறக்கலை."

சவுரிமுத்து தலையைச் சொறிந்தான். "நெஜமாவே சரி பண்ணிடட்டா சார்?"

"இதென்ன கேள்வி?"

அன்று சாயங்காலம் ஏசி போட்டதும் மூக்குக் கண்ணாடியில் பனி படர்ந்தது. ஸ்ரீரங்கன் பறந்து வந்து காமுவை ஏற்றிக்கொண்டு பெருங்களத்தூர் வரை ஒரு சுற்று வந்தார்.

"எப்படி?"

"நன்னா... இருக்குன்னா," என்றாள் காமு, பல் கிடுகிடுக்க.

"ஜெயிச்சுட்டேன் பார்! கார் நம்மளோடதான். இனிமே ஷெட்டுக்குப் போற வேலையே இல்லை. நாளைலேர்ந்து முழு நேரமும் வீட்டைத்தான் கவனிக்கப் போறேன். முதல்ல அந்த ஃப்ரிட்ஜ்."

காமு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பாவம், குளிரில் முகம் வெளுத்திருந்தது.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும், தன் வெற்றியை இன்னொரு முறை கண்ணால் பார்க்க ஸ்ரீரங்கன் பானெட்டைத் தூக்கி உள்ளே குனிந்தார். அப்போது பக்கத்து வீட்டு சரசு ஓடிவந்தாள். தூக்கிய பானெட்டுக்குப் பின்னால் இருந்தவர் அவள் கண்ணில் படவில்லை. கார் ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னாள்:

"காமு, எங்காத்துக்காரரும் அடுத்த மாசம் ரிடயர் ஆறார்டி! உன் மெக்கானிக்கிட்ட சொல்லி எங்க காருக்கும் ஒரு லீக் வெச்சுக் கொடுக்கச் சொல்லேன்!"