மருமகன் நிறுத்திய தண்ணீர் லாரி

மேடவாக்கம்

அன்பும் மரியாதையுமுள்ள சம்பந்தி சத்தியநாதன் அவர்களுக்கு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். உங்கள் மூட்டுவலியும் சம்பந்தியம்மாளின் சர்க்கரையும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம், என் ரத்தக்கொதிப்பு ஒன்றைத் தவிர. பக்கத்துச் சேலையூரில் இருக்கிறவருக்கு மேடவாக்கத்திலிருந்து யாராவது கடிதம் எழுதுவார்களா என்று கேட்பீர்கள். நீங்கள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர். உங்கள் மகனைப் பற்றி நான் சொல்லப்போவது அக்கம்பக்கத்தார் கேட்கக்கூடியது அல்ல.

ஆபேல் எலக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினது தெரியும்தானே. ஜெபம்பண்ண பாஸ்டர் வந்தார். வழக்கம்போல பானெட் மேல் கை வைத்து, "ஆண்டவரே, இந்த வாகனத்தின் இன்ஜினை உம்முடைய இரத்தக்கோட்டைக்குள் மறைத்து" என்று ஆரம்பித்ததும் உங்கள் பிள்ளை கண்ணைத் திறந்து, "ஐயா, இதுல இன்ஜினே கிடையாது, அது சாமான் வைக்கிற இடம்" என்கிறார். பாஸ்டர் ஒரு மூச்சு விட்டு, "இல்லாத இன்ஜினையும் காத்தருளும்" என்று முடித்தார். நானும் ஆமென் சொன்னேன், என்ன செய்ய? பிறகு என்னைப் பின்சீட்டில் மடித்து வைத்து சிறுசேரி வரை ஓட்டிக் காட்டினார். அவர் ஒரு மிதி மிதித்ததும் என் குடல் சோழிங்கநல்லூரிலேயே இறங்கிவிட்டது. போகிற வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கைக் காட்டி, "மாமா, இதெல்லாம் இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் டீக்கடைதான்" என்று சிரிப்பு வேறு. டீசல் லாரி ஓட்டிக் கஞ்சி குடிக்கிறவனிடம் பேசுகிற பேச்சா சம்பந்தி இது?

சரி, காரோடு விட்டாரா? அவர் குடியிருப்பு அசோசியேஷனுக்கு அவர்தானே செக்ரட்டரி. அந்தக் கட்டடத்துக்குப் பால் காய்ச்சின நாளிலிருந்து தண்ணீர் ஊற்றுவது என் லாரி. திடீரென்று ஒரு கூட்டம் போட்டு, டீசல் வண்டி புகை விடுகிறது, சத்தம் போடுகிறது, அடுத்த மாதத்திலிருந்து எலக்ட்ரிக் டேங்கர்தான் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். அடியில் உங்கள் மகன் கையெழுத்து. நேரில் சொல்ல வாயில்லை! வாட்ஸாப்பில் வந்தது, கடைசியில் ஒரு பச்சை இலைப் படத்தோடு.

அந்த மகராசன் எலக்ட்ரிக் டேங்கர் போன வாரம் ஒத்திகைக்கு வந்ததாம். என் லாரி தெருமுனையில் திரும்பும்போதே உறுமும், அதைக் கேட்டுத்தான் வாட்ச்மேன் ஏசுபாதம் எழுந்து கேட்டையும் சம்ப் தொட்டி மூடியையும் திறப்பார். இத்தனை வருஷப் பழக்கம். இதுவோ பூனை மாதிரி வந்தது, நின்றது. ஹார்ன் அடிக்கலாம் என்றால் அசோசியேஷன் அதற்கும் தடை போட்டிருக்கிறது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை, கொண்டுவந்த தண்ணீரோடு அப்படியே திரும்பிப் போய்விட்டது. மறுநாள் குழாயைத் திறந்தால் வெறும் காற்று. முகத்தில் சோப்போடு என்னைக் கூப்பிட்டது யார்? அதே செக்ரட்டரி! "மாமா, கொஞ்சம் அவசரம்." மானங்கெட்டுப்போய்ப் போனேன். கேட்டில் ஓர் அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அங்கிள், இன்ஜினை வெளியிலேயே ஆஃப் பண்ணிட்டு உள்ள வாங்க ப்ளீஸ்" என்கிறார். லாரியை நான் தள்ளிக்கொண்டா வருவது? தண்ணீரை மட்டும் பிடித்துக்கொண்டார்கள், தீர்மானம் அப்படியேதான் இருக்கிறது.

வயிறு எரிகிறது சம்பந்தி. இந்த ஒரு இடமும் போனால் லாரியை எடைக்குப் போடவேண்டியதுதான், வேறெந்தக் கட்டடத்திலும் பழைய வண்டியைச் சேர்க்கமாட்டேன் என்கிறார்கள். லாரி போனால் இந்த வயதில் நான் எங்கே போய் நிற்பேன்? உலகமே கரண்டில் ஓடட்டும், நான் குறுக்கே படுத்தேனா? பெண் கொடுத்தவன் வயிற்றில் அடித்துத்தான் அதை ஆரம்பிக்க வேண்டுமா? ஆபேல் உங்கள் சொல்லுக்குத்தான் கட்டுப்படுவார். மாதம் முடிவதற்குள் கூப்பிட்டு நறுக்கென்று நாலு வார்த்தை கேளுங்கள்.

சம்பந்தியம்மாளுக்கு என் வந்தனம். கர்த்தர் உங்கள் வீட்டார் எல்லாரையும் (உங்கள் மகன் நீங்கலாக என்று எழுத வந்தது, அடக்கிக்கொண்டேன்) ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
மனம் நொந்த
ஞானையா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்பு ஏசுபாதத்திடமும் உங்கள் மகனைக் கரித்துக் கொட்டினேன். அவர், "இன்னா சார், மருமவனப் புட்ச்சித் திட்டிகினு கீறீங்க? அன்னிக்கு மீட்டிங்ல நாந்தான் சேர் போட்டேன். உங்க வண்டிதான் வோணும்னு கை தூக்குனது அவரு ஒருத்தருதான். வேணாம்னு மொதல்ல எய்ந்து பேசுனது உங்க பொண்ணு சுஜி" என்றார். சின்ன வயதில் அவள் ஸ்கூல் பஸ்ஸை விட்டுவிட்டால் நான் லாரியில் கொண்டுபோய் விடுவேன். அன்றைக்கெல்லாம் டீசல் நாற்றம் என்று அவள் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்களாம். கூட்டத்தில் அதைச் சொல்லி அழுதாளாம். நானோ ஞானையா மகள் வருகிறாள் என்று ஊருக்கே தெரியட்டும் என்று பள்ளிக்கூட வாசல் வரை ஹார்ன் அடித்துக்கொண்டு போவேன். ஆகையால் ஆபேலை ஒன்றும் கேட்கவேண்டாம். மேலே திட்டியிருப்பதையெல்லாம் சுஜி பேருக்கு மாற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. தயவுசெய்து உங்கள் மகன் பேரிலேயே படித்துக்கொள்ளுங்கள்.