ஏரி நடுவில் ஓர் இன்டர்வியூ

“இன்னும் கொஞ்சம் தள்ளு மாமா. சிக்னல் ஒரு கோடுதான் காட்டுது.”

வின்சென்ட் கழியை ஊன்றிப் படகைத் தள்ளினார். அவர்கள் ஊரான பசியாவரம் பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. ஊருக்குள் நின்று வீடியோவில் பேசினால் எதிரே இருப்பவரின் வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாகப் போகும். ஏரி நடுவில், பழவேற்காட்டு டவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் முகம் பார்த்துப் பேச முடியும்.

ஜெனிஃபர் மேலே கோட்டு போட்டிருந்தாள். கீழே பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, படகுக்குள் தேங்கிய தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

சென்னையில் அவள் படியேறாத கம்பெனி இல்லை. படகு, பொன்னேரி பஸ், மின்சார ரயில் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தால், எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: “தெரியப்படுத்துறோம்.” அம்மா சூசையம்மாள் “இன்னாச்சு?” என்று கேட்பதையே நிறுத்திவிட்டாள். அந்தக் கேள்வியைவிட அது நின்றுபோனதுதான் ஜெனிஃபரை அதிகம் வாட்டியது. அம்மா நம்பிக்கையை விட்டுவிட்டாள். தன்னால் மட்டும் ஏன் விட முடியவில்லை என்பது அவளுக்கே புரியவில்லை.

கடைசியாகப் போன இடத்தில் ஒரு பெண் அதிகாரி இரக்கப்பட்டுச் சொன்னாள்: “ரொம்பப் பயந்து பேசுறீங்க. கேட்டதுக்குப் பதில் சொன்னா மட்டும் போதாது, நீங்களும் கேக்கணும்.”

இன்று வீடியோவில் இன்டர்வியூ. ஜெனிஃபர்தான் முதலில் கேட்கப் போகிறாள்.

“இங்க நிறுத்து மாமா.”

“இங்கியா? இன்னிக்கு இது வேலு ஊரு பாடும்மா.”

எந்த ஊர், எந்த நாளில், ஏரியின் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர்கள் முறை வைத்துக்கொண்டிருந்தன. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அடுத்தவர் பாட்டில் படகை நிறுத்தினால் பஞ்சாயத்துவரை போகும்.

“நாம மீனா பிடிக்கிறோம்? பேசிட்டுப் போயிடலாம்.”

கம்பெனி எல்லாருக்கும் அனுப்பியிருந்த இணைப்பைத் தொட்டாள். திரையில் டை கட்டிய ஓர் ஆள் ஏற்கெனவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஜெனிஃபர் ஒரே மூச்சில் சொன்னாள்.

“வணக்கம். நான் ஜெனிஃபர். முதல்ல உங்களப் பத்திச் சொல்லுங்க.”

அவர் திடுக்கிட்டது தெரிந்தது. “நான் சிவசங்கர், மேடம். என் துறை அக்கவுண்ட்ஸ். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் பொறுமையா இருக்கணும், அதுதான் என் கொள்கை.”

மேடம் என்கிறாரே. பட்டணத்தில் இதுவரை அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கேட்டால் இவ்வளவு மரியாதையா? இத்தனை நாள் கேட்காமல் இருந்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

தன் படிப்பைச் சொல்ல வாயெடுத்தாள். இஞ்சின் சத்தம் நெருங்கியது.

“இன்னா வின்சென்ட்டு, எங்க பாட்டுல உனுக்கு இன்னா வேல?” வேலு படகின் மூக்கில் நின்றிருந்தான். பின்னால் இன்னும் இரண்டு படகுகள்.

“வலையே கொண்டாரல வேலு. நல்லா பாத்துக்கோ.”

“வலை இல்லாம ஏரியில நிக்கிறதுக்கு நீ இன்னா கொக்கா?”

வின்சென்ட் தலையைச் சொறிந்தார். வாயில் வந்த பொய்யைச் சொன்னார். “டேய், சத்தம் போடாத. போன்ல டை கட்டிக்கினு கீறாரு பாரு, மீன்வள ஆபிசரு. அக்கா பொண்ணு அவருக்கு ஏரியக் காட்டிக்கினு கீது.”

ஜெனிஃபர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “மாமா,” என்றாள்.

ஆபிசர் என்றதும் வேலுவின் கோபம் வேறு பக்கம் திரும்பியது. மூன்று படகுகளும் வந்து இடித்துக்கொண்டு நின்றன. யாரோ அவள் கையிலிருந்த போனை வாங்கினார்கள். அது தண்ணீருக்கு மேலாக ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குப் போவதை அவள் மூச்சுவிடாமல் பார்த்தாள். அவள் வேலை அதற்குள்தான் இருந்தது.

“சாரு, முகத்துவாரம் மண்ணு தூந்து கெடக்குது. போட்டு எப்படி கடலுக்குப் போவும்?” என்றான் வேலு.

“எறா சைஸப் பாரு சாரு, பொடிப்பொடியா கீது,” என்று இன்னொருவன் கூடையையே திரைமேல் சாய்த்தான்.

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். போன் கை நழுவிப் படகு விளிம்பில் இடித்து நின்றது. ஜெனிஃபருக்குள் ஏதோ அறுந்தது. எழுந்து நின்றாள்.

“ஒவ்வொருத்தரா பேசுங்க. வேலு அண்ணே, நீ குந்து. போனைத் தண்ணியில போட்டுடாதீங்க. சார், இவங்க சொல்றதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வேலை கொடுக்கிறவரை அதட்டிவிட்டாள். அப்படியே உட்கார்ந்தாள்.

ஆனால் சிவசங்கர் கோபப்படவில்லை. “சரிங்க மேடம்,” என்று தலையாட்டிவிட்டு, “உங்க கஷ்டம் புரியுதுங்க அண்ணே. குறிச்சுக்கிட்டேன். அடுத்தவங்க சொல்லுங்க,” என்றார்.

“எப்ப சாரு தூர் வாருவீங்க?”

“கூடிய சீக்கிரம் தெரியப்படுத்துறோம்.”

ஜெனிஃபர் எல்லாக் கம்பெனியிலும் கேட்ட அதே சொல். கம்பெனிக்காரர்தான், சந்தேகமே இல்லை.

ஒருவழியாக வேலுவுக்கு மனம் குளிர்ந்தது. “தங்கமான ஆபிசரும்மா. முழுசா கேட்டாரு,” என்று போனைச் சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். “வேலை முடியறவரைக்கும் இங்கியே நில்லுங்க.”

படகுகள் விலகின. ஏரி அமைதியானது. வின்சென்ட் அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரை இறைக்கத் தொடங்கினார்.

ஜெனிஃபர் மீன் செதில் ஒட்டிய திரையை நிமிர்த்திப் பிடித்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். கெஞ்சவும் வேண்டும். எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை. இத்தனைக்குப் பிறகும் மனம் ஒரு மூலையில், ‘கேட்டுப் பார், ஒருவேளை கொடுத்துவிடுவார்’ என்றது. அந்த நம்பிக்கையைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது.

“சார்...” என்று ஆரம்பித்தாள்.

அதற்குள் அவர் டையைத் தளர்த்தி, கைக்குட்டையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, திரைக்கு மிக அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

“நானும் ரொம்ப நாளா வேலைக்கு அலையறேன் மேடம். நீங்க வச்ச டெஸ்ட்ல நான் பாஸாங்க?”